ஆர்தர் லிடியார்ட்

ஆர்தர் லிடியார்ட் (சூலை 6, 1917 – டிசம்பர் 11, 2004) நியூசிலாந்தைச் சேர்ந்த நெடுந்தொலைவு ஓட்ட வீரரும் தடகளப் பயிற்சியாளரும் ஆவார். ஆக்லாந்தில் பிறந்த இவர், காலணித் தொழிற்சாலையில் பணியாற்றியவர். 1950 பேரரசு விளையாட்டுப் போட்டிகளின் மாரத்தான் ஓட்டத்தில் பங்கேற்றார்.

பயிற்சி முறை

வாரத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுவது உகந்தது என்பதைத் தன் உடலிலேயே சோதித்து, ஏறத்தாழ 160 கி.மீ. என முடிவு செய்தார். முதலில் தாங்குதிறன், பிறகு மேட்டு ஓட்டம், இறுதியில் வேகப் பயிற்சி என்பது இவரது முறையாகும். இதன்படி 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் சுனெலையும் 35 கி.மீ. மலைப்பாதையில் ஓடச் செய்தார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில், செப்டம்பர் 2 அன்று, ஒரு மணி நேரத்துக்குள் சுனெல் 800 மீட்டரிலும், இவரது மற்றொரு மாணவரான மரே ஆல்பர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். பாரி மாகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார்.

பிற்காலம்

பொதுமக்களிடையே மெல்லோட்டத்தைப் பரப்பிய லிடியார்ட், பின்லாந்திலும் பயிற்சி அளித்தார். அமெரிக்காவில் விரிவுரைப் பயணத்தின்போது டெக்சாசில் காலமானார்.