களியக்காவிளையில் எல்லை வந்த கதை

தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற பழைய ஆட்களுக்கு நேசமணி என்ற பெயர் நினைவிருக்கும். 1980களிலும் 90களிலும் குமரி மாவட்டத்து அரசு பஸ்களில் அந்தப் பெயர்தான் எழுதியிருந்தது. 1997ல் தமிழக அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது அதுவும் போயிற்று. பெயருக்குரியவர் நம் திருவனந்தபுரத்தில் சட்டம் படித்தவர் என்பது இங்குள்ள நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் 1895 ஜூன் 12ல் பிறந்தவர் ஏ. நேசமணி. 1921ல் நாகர்கோவிலில் வக்கீல் தொழில் தொடங்கினார். அந்த நாளில் கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு ஸ்டூல். குடிதண்ணீர்ப் பானையும் தனித்தனி. நேசமணி போன முதல் நாளே ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், பானையையும் விட்டு வைக்கவில்லை என்று அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். பிற்பாடு நாகர்கோவில் நகரசபைத் தலைவரானார். திருவிதாங்கூர் சட்டசபைக்கும் வந்தார்.

திருவிதாங்கூரில் தென் தாலுகாக்காரர்கள் பேசியது தமிழ். ஆபீஸ் காரியம் நடந்தது மலையாளத்தில். அந்தப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று கிளம்பிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசில் 1947ல் சேர்ந்தார். 1952ல் அதன் சார்பில் நாகர்கோவில் எம்.பி. ஆனார். எதிர்ப்பு சாதாரணமானதல்ல. நாஞ்சில் நாடுதான் திருவிதாங்கூருக்கு நெற்களஞ்சியம். அதைக் கைவிட யாருக்கு மனம் வரும்?

1954ல் பட்டம் தாணுப்பிள்ளை முதல்வர். அவரும் வக்கீல், திவான் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற பெரிய மனிதர். ஆனால் தமிழர் கிளர்ச்சியை அவர் அரசு லத்தியாலும் துப்பாக்கியாலும்தான் சந்தித்தது. ஜூலையில் மூணாறில் தடையை மீறிய நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. சொந்தக் கட்சித் தலைவரான ராம் மனோகர் லோகியாவே தாணுப்பிள்ளையைப் பதவி விலகச் சொன்னார். அவர் விலகவில்லை, மறு வருஷம் பிப்ரவரியில் மந்திரிசபை தானே கவிழ்ந்தது.

1955ல் மாநிலச் சீரமைப்புக் கமிஷன் தீர்ப்புச் சொன்னது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை சென்னைக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. அங்கே தமிழர் அதிகம் என்பதைக் கமிஷன் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், அதை வைத்து எல்லை வகுக்க முடியாது என்று கருதியது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது சுருக்கென்று தைக்கிற இடம். தலைமுறையாகக் கொழுந்து பறித்தவன் வந்து போகிறவன் என்றால், ஊர்க்காரன் ஆவதற்கு எத்தனை வருஷம் வேண்டும்? பெரியாறு அணை இருக்கும் பீர்மேடு அன்று போனதன் விளைவு மதுரை, தேனி விவசாயிகளுக்குத் தெரியும். கேட்டிருந்த நெய்யாற்றின்கரைப் பகுதியும் கிடைக்கவில்லை. எல்லை களியக்காவிளையில் நின்றது.

1956 நவம்பர் 1ல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. நினைத்தது பாதிக்கு மேல் நடந்த பிறகு தனிக் கட்சி வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்கள் உண்டு. நேசமணி தம் கட்சியைக் காங்கிரசில் கரைத்தார். 1957ல் கிள்ளியூரிலிருந்து சென்னை சட்டசபைக்குப் போனார். 1962லும் 1967லும் மீண்டும் நாகர்கோவில் எம்.பி. மந்திரி பதவி வரவில்லை. ஜனங்கள் கொடுத்த மார்ஷல் பட்டமே கடைசிவரை நின்றது.

1968 ஜூன் 1ல் காலமானார். காலியான நாகர்கோவில் தொகுதியில் 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. 1967ல் விருதுநகரில் தோற்றிருந்த காமராஜ் அங்கே நின்றார். குமரி மக்கள் அவரை ஜெயிக்க வைத்து டில்லிக்கு அனுப்பினார்கள்.