காமா பயில்வான்: அவசரமும் இல்லை, அச்சமும் இல்லை

குத்துச்சண்டைச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு சந்தேகம் வருவதுண்டு. ஒரே எடைப் பிரிவில் இரண்டு பேர் வேகமாக வளர்ந்து வருகிறார்கள். இருவரும் இதுவரை தோற்றதில்லை. இவர்களை மோதவிட்டால் யார் பெரியவர் என்று ஒரே இரவில் தெரிந்துவிடும். ஆனால் ஆண்டுகள் போனாலும் அந்த மோதல் நடப்பதில்லை. இருவரும் வேறு வேறு ஆட்களோடு மோதிக்கொண்டே இருக்கிறார்கள். இது பயமா, தந்திரமா?

இதில் பயத்தைவிடக் கணக்குதான் அதிகம். தொழில்முறைக் குத்துச்சண்டை வீரனுக்குத் தோல்வியில்லாத வரலாறுதான் முதலீடு. அதை வைத்துத்தான் தொலைக்காட்சி ஒப்பந்தமும் பெரிய மேடையும் கிடைக்கும். வளரும் இருவர் தொடக்கத்திலேயே மோதினால் சிறிய தொகைக்காக ஒருவர் தன் முதலீட்டை இழப்பார். வென்றவருக்கும் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் அவர் வென்றது இன்னும் பெயர் பெறாத ஒருவரைத்தான். அதே இருவர் பத்தாண்டு கழித்து மோதினால் உலகமே பார்க்கும்.

முஹம்மது அலி 1960 அக்டோபர் 29 அன்று தம் முதல் தொழில்முறைப் போட்டியில் மோதியது ஒரு சிற்றூர்க் காவல்துறைத் தலைவரோடு. அது ஆறு சுற்றுப் போட்டி. அப்படித் தொடங்கி, 19 வெற்றிகளுக்குப் பிறகுதான் 1964-ல் உலகப் பட்டத்துக்கான மேடையில் ஏறினார். 1971 மார்ச் 8-ல் அலியும் ஜோ ஃபிரேசியரும் நியூயார்க்கில் மோதியபோது இருவருமே தோல்வி அறியாதவர்கள். ஆளுக்கு 25 லட்சம் டாலர் கிடைத்தது. இதற்கிடையே போருக்குப் போக மறுத்ததற்காக அலி மூன்றரை ஆண்டுகள் மேடையை இழந்திருந்தார் என்பது தனிக் கதை. ஆனால் இருவரும் தோற்காதவர்கள் என்பதே அந்தப் போட்டியின் மதிப்பைப் பன்மடங்காக்கியது.

இதே கேள்விக்கு நம் நாட்டு மண்ணில் விடை சொன்ன ஒரு வாழ்க்கை உண்டு. அதுதான் குலாம் முஹம்மது என்ற காமா பயில்வானின் வாழ்க்கை. அவர் மல்யுத்த வீரர். முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால் உலமாக்களில் பலர் குத்துச்சண்டையை அனுமதிப்பதில்லை. மல்யுத்தம் அப்படியல்ல. குறைஷிகளின் பெரும் மல்லரான ருகானாவோடு நபியவர்கள் மல்லுக்கு நின்ற செய்தி சீறா நூல்களில் இடம்பெற்றிருக்கிறது.

பத்து வயதில் ஒரு பரிசு

காமா 1878 மே 22-ல் அமிர்தசரஸ் பகுதியில் உள்ள ஜப்போவால் கிராமத்தில் பிறந்தார். காஷ்மீரிலிருந்து பஞ்சாபுக்கு வந்து குடியேறிய குடும்பம். தந்தை முஹம்மது அஸீஸ் பக்‌ஷும் பயில்வான்தான். காமாவுக்கு ஆறு வயதானபோது தந்தை இறந்துவிட்டார். தாய்வழிப் பாட்டனார் நூன் பயில்வானும், அவருக்குப் பின் மாமா ஈதா பயில்வானும் பிள்ளையை வளர்த்துக் கோதாவுக்குப் பழக்கினார்கள்.

1888-ல் ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி நடத்தினார். மல்யுத்தம் அல்ல, பஸ்கி எடுக்கும் போட்டி. யார் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார் என்பதே கணக்கு. நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள் கலந்துகொண்டார்கள். கடைசியில் எஞ்சிய பதினைந்து பேரில் பத்து வயது காமாவும் ஒருவர். சிறுவனின் உறுதியைக் கண்ட மகாராஜா அவரையே வெற்றியாளராக அறிவித்தார்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பத்து வயதில் நாடறிந்த பிள்ளையை அதற்கு மறுநாளே யாரோடும் மோத விடவில்லை. தத்தியா சமஸ்தானத்தின் ஆதரவில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் தண்டால், பஸ்கி, கோதா மண்ணைக் கொத்திப் புரட்டுதல், பாலும் பாதாமும் நெய்யுமாக உணவு. அரண்மனைப் பயில்வான்கள் பலரோடு நாள்தோறும் பிடி பழக வேண்டும். அது போட்டி அல்ல, பயிற்சி. அங்கே விழுந்தால் யாரும் எண்ணி வைக்கப்போவதில்லை. எழுந்து மறுபடி பிடிக்கலாம்.

உஸ்தாதின் கணக்கு

அந்தக் காலத்தில் ஒரு பயில்வான் யாரோடு மோதுவது என்பதை அவர் மட்டும் முடிவு செய்வதில்லை. உஸ்தாதுக்கும் அதில் பங்கு உண்டு, ஆதரிக்கும் சமஸ்தானத்துக்கும் பங்கு உண்டு. பட்டியாலா, பரோடா, கோலாப்பூர், தத்தியா என்று ஒவ்வொரு அரசும் தனக்கென்று பயில்வான்களை வைத்திருந்தது. ஒரு பயில்வானின் முதுகு மண்ணில் படும்போது அவருடைய பெயர் மட்டும் மண்ணாவதில்லை, அரசரின் கௌரவமும் சேர்ந்து போனது. அதனால் இளைஞனைக் கோதாவில் இறக்கும்முன் பலமுறை யோசித்தார்கள். இன்று குத்துச்சண்டை ஏற்பாட்டாளர் போடும் கணக்கைத்தான் அன்று உஸ்தாதும் அரசரும் போட்டார்கள்.

இருந்தும் காமா 1895-ல், பதினேழு வயதில், பெரிய மலை ஒன்றின் முன்னே போய் நின்றார். குஜ்ரன்வாலாவின் ரஹீம் பக்‌ஷ் சுல்தானிவாலாதான் அந்த மலை. அன்றைய இந்தியாவின் முதல்நிலைப் பயில்வான். கிட்டத்தட்ட ஏழு அடி உயரம் என்பார்கள். காமாவோ ஐந்தடி ஏழு அங்குலம்தான். மணிக்கணக்கில் நீண்ட அந்த மோதலில் காமாவின் மூக்கிலும் காதிலும் ரத்தம் வழிந்தது. ஆனால் அவர் விழவில்லை. முடிவு சமன்.

காமா இளம் வயதில் சமவயதுக்காரரோடு மோதிப் பெயர் தேடவில்லை. வயதிலும் புகழிலும் தம்மைவிட மிகப் பெரியவரோடு மோதினார். தோற்றிருந்தாலும் பதினேழு வயதுப் பையனை யாரும் இகழ்ந்திருக்க மாட்டார்கள். சமன் ஆனதும் நாடே திரும்பிப் பார்த்தது. இழப்பதற்குக் குறைவாகவும் கற்பதற்கு அதிகமாகவும் இருந்த இடம் அது.

அதன்பின் 1910 வரை அவர் நாட்டின் பெயர்பெற்ற பயில்வான்களை ஒவ்வொருவராக வீழ்த்திக்கொண்டே போனார். ரஹீம் பக்‌ஷ் மட்டும் வெல்லப்படாமல் எஞ்சினார்.

லண்டனில் கதவு திறக்கவில்லை

1910-ல் வங்காளத்துச் செல்வந்தர் சரத் குமார் மித்ராவின் ஆதரவோடு காமாவும் அவர் தம்பி இமாம் பக்‌ஷும் இங்கிலாந்து போனார்கள். அங்கே மோத ஆள் கிடைக்கவில்லை. எந்த எடையாக இருந்தாலும் மூன்று பேரை அரை மணி நேரத்தில் வீழ்த்துவதாகக் காமா பகிரங்கமாகச் சவால் விட்டார். முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. அமெரிக்க உலக சாம்பியன் ஃபிராங்க் காட்சைப் பெயர் சொல்லி அழைத்தும் அவர் வரவில்லை.

காரணம் நாம் மேலே பார்த்த அதே கணக்கு. புகழின் உச்சியில் இருப்பவர், தம் நாட்டில் யாரும் அறியாத ஒரு இந்தியரோடு மோதி வென்றால் கிடைப்பது கொஞ்சம். தோற்றால் போவது எல்லாம். மேலே இருப்பவரும் வளர்ந்து வருபவரும் ஒரே தராசில்தான் நிறுக்கிறார்கள்.

கடைசியில் அமெரிக்கரான பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். அவரை முதல் பிடியில் 1 நிமிடம் 40 நொடியிலும், இரண்டாவது பிடியில் 9 நிமிடம் 10 நொடியிலும் காமா வீழ்த்தினார். அதற்குப் பிறகே பெரிய கதவு திறந்தது.

1910 செப்டம்பர் 10 அன்று போலந்து நாட்டவரான ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவோடு போட்டி. ‘ஜான் புல்’ பெல்ட்டும் 250 பவுன் பரிசும் காத்திருந்தன. காமாவைவிட எடை கூடிய ஸ்பிஸ்கோ, தொடங்கிய சிறிது நேரத்திலேயே தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் காமா புரட்டிப் பார்த்தும் முதுகு தரையில் படவில்லை. சமன் என்று நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பெல்ட் காமாவுக்குக் கிடைத்தது.

காலம் கனிந்த இரண்டு மோதல்கள்

இங்கிலாந்திலிருந்து திரும்பிய சிறிது காலத்தில் அலகாபாத்தில் காமாவும் ரஹீம் பக்‌ஷும் மறுபடி நேருக்கு நேர் நின்றார்கள். பதினேழு வயதில் தொடங்கிய கணக்கு அங்கே முடிந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் காமா வென்று ‘ருஸ்தமே ஹிந்த்’ ஆனார். தம்மை எதிர்த்தவர்களில் மிக வலிமையானவர் யார் என்ற பேச்சு வந்தால் ரஹீம் பக்‌ஷின் பெயரையே காமா சொல்வது வழக்கம். எதிராளியின் மரியாதையைக் குறைக்காமல் வெல்லவும் ஒரு மனம் வேண்டும்.

ஸ்பிஸ்கோவின் கணக்கு தீர இன்னும் காலம் பிடித்தது. 1928 ஜனவரியில் பட்டியாலாவில், மகாராஜா பூபிந்தர் சிங் ஏற்பாட்டில் இருவரும் மோதினார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டரை மணி நேரத்தில் வராத முடிவு அன்று ஒரு நிமிடத்துக்குள் வந்தது. மறு ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்சனையும் இரண்டு நிமிடத்துக்குள் வென்றார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் கோதா வாழ்க்கையில் காமா ஒருமுறையும் தோற்றதில்லை.

உண்மையான பலம்

1947 பிரிவினையில் காமா லாகூர்வாசி ஆனார். கலவரம் மூண்டபோது அவர் குடியிருந்த மோகினி சாலையில் இந்துக் குடும்பங்களும் இருந்தன. வெறியோடு வந்த கூட்டத்தின் முன்னே காமா தம் ஆட்களோடு போய் நின்றார். பிறகு தம் செலவில் உணவுப் பொருள் கொடுத்து அந்தக் குடும்பங்களை எல்லைக்குப் பத்திரமாக அனுப்பிவைத்தார் என்று அவருடைய குடும்பத்தார் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மல்லுக்கு நின்று மனிதரை வீழ்த்துவது வீரம் அல்ல, கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்வதே வீரம் என்ற நபிமொழிப் பாடத்தை அந்தத் தெருவில் அவர் வாழ்ந்து காட்டினார்.

கடைசிக் காலம் சுலபமாக இல்லை. ஆண் பிள்ளைகள் இளம் வயதிலேயே இறந்தார்கள். நோயும் பணத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தொழிலதிபர் ஜி.டி. பிர்லா பண உதவி அனுப்பினார். 1960 மே 23-ல் லாகூரில் காமா மறைந்தார்.

பிள்ளைகளை மோதவிடும் முன்

காமா குடும்பத்திலேயே நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. இமாம் பக்‌ஷின் மகன் அக்ரம் பயில்வான் 1976 டிசம்பரில் கராச்சியில் ஜப்பானிய மல்லர் அந்தோனியோ இனோக்கியோடு மோதினார். அதே ஆண்டு ஜூனில் முஹம்மது அலியோடு டோக்கியோவில் மோதியவர்தான் இந்த இனோக்கி. அக்ரமின் கை முறிந்தது. ஒரு குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்த பெயருக்கு ஒரு மாலைப்பொழுதில் அடி விழுந்தது. அதற்கு ஈடு செய்ய 1979-ல் அதே குடும்பத்தின் இளைஞன் ஜாராவை இனோக்கி முன் நிறுத்தினார்கள். குடும்பத்தின் மானம் முழுவதும் இருபது வயதைத் தொடாத தோள்மீது ஏறியது. ஜாரா முப்பது வயதை ஒட்டி, 1991-ல் இறந்துபோனார்.

அப்படியானால் இளையவர்களை மோத விடவே கூடாதா? உஹதுப் போருக்கு முன் நடந்த நிகழ்ச்சி இதற்கு வழிகாட்டுகிறது. படையில் சேர வந்த சிறுவர்களை நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அம்பெய்வதில் திறமைசாலி என்பதால் ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) மட்டும் அனுமதி பெற்றார். ராஃபிஉவைத் தன்னால் மல்யுத்தத்தில் வீழ்த்த முடியும் என்று ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) முறையிட்டார். இருவரும் மோதினார்கள், ஸமுரா வென்றார், அவருக்கும் அனுமதி கிடைத்தது. இதில் பலரும் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. தோற்ற ராஃபிஉ வெளியேற்றப்படவில்லை. அந்த மோதல் ஒருவரை உள்ளே சேர்த்தது, யாரையும் வெளியே தள்ளவில்லை.

இந்த வேறுபாட்டில்தான் விஷயம் இருக்கிறது. இளம் வயதில் தோல்வி வருவது கெடுதல் அல்ல. தோற்றவன் அத்தோடு முடிந்தான் என்று சுற்றியிருப்பவர்கள் எழுதி மூடுவதுதான் கெடுதல். குத்துச்சண்டை மேடையில் அப்படி எழுதி மூடிவிடுகிறார்கள், அதனால்தான் அங்கே வளரும் வீரர்கள் ஒருவரை ஒருவர் தவிர்க்கிறார்கள். அவர்களைக் கோழை என்று சொல்வது எளிது. ஆனால் ஒரு தோல்வியோடு ஆளைத் தூக்கி எறியும் ரசிகர்களும் முதலாளிகளும்தான் அந்தத் தயக்கத்தை உருவாக்கியவர்கள்.

நம் வீடுகளிலும் அதுவே நடக்கிறது. எங்கள் ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் கபடி ஆடும் பையன்களாகட்டும், மதரஸாவில் ஓதும் மாணவர்களாகட்டும், பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைகளாகட்டும், நன்றாக வரும் இருவரைக் கண்டால் உடனே ஒப்பிட்டுப் பேசுகிறோம். பெரியப்பா மகனின் மதிப்பெண்ணைச் சொல்லிச் சித்தப்பா மகனைக் குத்துகிறோம். அன்று மனம் ஒடிந்த பிள்ளை அதன்பின் முயற்சியே செய்வதில்லை. காமாவுக்குக் கிடைத்தது போல், விழுந்தாலும் யாரும் எண்ணி வைக்காத ஒரு பயிற்சிக் கோதா நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். மோதவிடுவதாக இருந்தால் ராஃபிஉவுக்கும் ஸமுராவுக்கும் கிடைத்தது போல் இருவருக்கும் இடம் இருக்க வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உடல் வலிமையையும், அதைக் கட்டி ஆளும் மன வலிமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.