லூயி பாஸ்டர்

வீட்டிற்கு நாய்க்குட்டி வந்தால் எந்தெந்தத் தடுப்பூசி போடுவது என்று பெரியவர்கள் யோசிக்கிறார்கள். டிஸ்டெம்பர், பார்வோ நோய்களுக்கு 6 வார வயதிலிருந்தே தவணை தவணையாகப் போட வேண்டும். அந்நோய்கள் நாயைக் கொல்லும். வெறிநோயோ வீட்டாரையும் கொல்லும். ஆகவே 3 மாதம் ஆனதும் அதற்குரிய ஊசியைத் தவறவிடலாகாது. அதற்கு வழி கண்டவரே லூயி பாஸ்டர்.

இவர் 1822 டிசம்பர் 27ஆம் நாள் பிரான்சு நாட்டில் தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தார். இவருக்கு 8 வயதானபோது, வெறிபிடித்த ஓநாய் கடித்தவர்களுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். அந்நாளில் அதுதான் வைத்தியம்!

பாலைப் பதப்படுத்தும் முறைக்கு இவர் பெயரே வழங்குவதை நாம் அறிவோம். 1868இல் இடப்பக்கம் வாதத்தால் தளர்ந்தும் ஆராய்ச்சியை விடவில்லை. நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, அதன் வீரியத்தைக் குறைத்து, நாய்களுக்குச் செலுத்தி வெற்றி கண்டார். நாட்டிலுள்ள நாய்களுக்கெல்லாம் போடுவது எங்ஙனம்? ஆகவே கடிபட்டவரைக் காக்க எண்ணினார்.

1885 ஜூலை 6ஆம் நாள் ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனை அவன் தாய் அழைத்து வந்தாள். உடலெங்கும் நாய்க்கடி. பாஸ்டரோ மருத்துவர் அல்லர். ஊசியே நோயைத் தந்துவிட்டால்? போடாவிட்டாலோ சாவு ஏறக்குறைய உறுதி. மருத்துவர் இருவரைக் கலந்தபின் துணிந்தார். கிரான்ஷே என்ற மருத்துவர் ஊசி போட்டார். மொத்தம் 13 ஊசிகள். நாளுக்கு நாள் வீரியம் கூடியது. பாஸ்டருக்கு இரவில் உறக்கமில்லை. சிறுவன் பிழைத்தான்!

1888இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் ஜோசப் அங்கேயே வாயில் காவலரானார். 1895 செப்டம்பர் 28ஆம் நாள் பாஸ்டர் மறைந்தார். 1907இல் நம் குன்னூரிலும் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது.