குருபரம்பரைக்கு ஒரு காணிக்கை

மனிதன் பிறக்கும்போதே தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் கடன்பட்டவனாகப் பிறக்கிறான் என்று நமது சாஸ்திரங்கள் கூறுகின்றன. இவற்றுள் ரிஷிகளுக்குரிய கடன் கல்வியால் தீர்வது. கற்பதும், கற்றதைப் போற்றிக் காத்துப் பிறருக்கு அளிப்பதும் அதற்கு வழி. இந்தக் கடனைத் தீர்ப்பதற்காகத் தாம் ஈட்டிய அனைத்தையும் அர்ப்பணித்த ஓர் இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

நீலகிரியிலிருந்து முதுமலை, பந்திப்பூர் காடுகளைக் கடந்து மைசூர் செல்லும் வழியில் குண்டலுபேட்டை உள்ளது. அதே சாலையில் மேலும் சுமார் 35 கி.மீ. சென்றால், கபிலா நதிக்கரையில் நஞ்சன்கூடு திருத்தலம். அங்கே கோயில் கொண்டுள்ள நஞ்சுண்டேசுவரர் பிணிதீர்க்கும் பெருமானாகப் போற்றப்படுகிறார். தமது யானையின் கண்நோய் இவரது அருளால் நீங்கியதைக் கண்ட திப்பு சுல்தான் இவரை ‘ஹகீம் நஞ்சுண்டா’, அதாவது ‘மருத்துவர் நஞ்சுண்டர்’ என்று அழைத்ததாக மரபு கூறுகிறது. குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் இவரிடம் வேண்டிக்கொள்வதும், குணமானதும் நன்றி செலுத்த வருவதும் அப்பகுதி மக்களின் வழக்கம். அத்தலத்தில் 1878-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் நாகரத்தினம்மாள் பிறந்தார்.

தேவதாசி மரபில் வந்த அவருடைய தாய் புட்டலட்சுமி வழக்கறிஞர் சுப்பாராவின் ஆதரவை இழந்தவர். வறுமை வாட்டியபோதும், மகளைக் கல்வியிலும் கலையிலும் சிறந்தவளாக்குவது என்ற உறுதியை அந்தத் தாய் கைவிடவில்லை. சிறுமி சம்ஸ்கிருதம் கற்றாள். இசையும் நடனமும் வயலினும் பயின்றாள். ஆனால் மகளின் உயர்வைக் காணும் பேறு தாய்க்குக் கிடைக்கவில்லை. நாகரத்தினத்தின் பதினான்காவது வயதில் அவர் காலமானார். பிணிதீர்க்கும் பெருமானின் ஊரில் பிறந்தவருக்கும் பிரிவுத்துயர் விலக்கு அல்ல. அந்தத் துயரம் அவரை முடக்கிவிடவில்லை. அடுத்த ஆண்டே அறிஞர்கள் நிறைந்த அவையில் அவரது கலை அரங்கேறியது.

நாகரத்தினத்திற்கு இசை கற்பித்த ஆசான்களுள் முனுசாமப்பா ஒருவர். அவர் வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதரின் சீடர். கிருஷ்ணசாமி பாகவதரின் தந்தை வேங்கடரமண பாகவதரோ தியாகராஜ சுவாமிகளின் நேர்ச்சீடர். இவ்வாறு, 1847-இல் மறைந்த அந்த மகானின் நாதம் குருபரம்பரை வழியாக நாகரத்தினத்தை வந்தடைந்தது. பின்னர் சென்னையில் குடியேறிய அவர் பெரும்புகழும் செல்வமும் பெற்றார்.

1921-ஆம் ஆண்டில் மைசூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இசை மேதை பிடாரம் கிருஷ்ணப்பா. திருவையாற்றில் காவிரிக்கரையில் உள்ள தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பது அதன் செய்தி. தமக்குச் சோறும் புகழும் தந்த கீர்த்தனைகளை அருளியவரின் சமாதிக்கு இந்த நிலையா என்று அவர் உள்ளம் கலங்கியது. கலங்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. நிலத்தைப் பெற முயற்சி மேற்கொண்டார். தமது சேமிப்பைச் செலவிட்டார். நகைகளையும் சொத்துகளையும் விற்றார். சில ஆண்டுகளில் அங்கே கோயில் எழுந்தது.

ஆனால் அவர் எழுப்பிய கோயிலிலேயே அவர் பாட முடியாத நிலை இருந்தது. அக்காலத்தில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரு பிரிவினர் ஆராதனையைத் தனித்தனியே நடத்திவந்தனர். இரண்டிலுமே பெண்கள் பாடுவதற்கு இடமில்லை. அவர் கோபித்துக்கொண்டு விலகவில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. பெண் கலைஞர்களைத் திரட்டி, அவர்களுக்கென்று ஓர் ஆராதனையைத் தொடங்கினார். 1940-களின் தொடக்கத்தில் பிரிவுகள் அனைத்தும் ஒன்றிணைந்தபோது, பெண்களும் அந்தச் சன்னிதியில் பாடும் உரிமை பெற்றனர்.

நன்றியுணர்வு என்பது பலருக்கு ஒரு கண நேர நெகிழ்ச்சி. அத்தோடு அது முடிந்துவிடுகிறது. நாகரத்தினம்மாளுக்கோ அது நாள்தோறும் செய்யவேண்டிய கடமை. யாருக்காகச் செய்தாரோ அவரை அவர் நேரில் கண்டதில்லை. செய்த தொண்டுக்குக் கைம்மாறாக முதலில் கிடைத்தது புறக்கணிப்பே. ஆயினும் தொண்டு தளரவில்லை. தமக்குப் பின்னும் அங்கே வழிபாடு தடையின்றி நடக்கவும், பெண்கள் தடையின்றிப் பாடவும் ஓர் அறக்கட்டளையை நிறுவி, எஞ்சிய உடைமைகளையும் அதற்கே அளித்தார். பயன் கருதாப் பணி என்று கீதை போதிப்பது இதுவன்றோ!

இறுதிக்காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்த அம்மையார் 1952-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் மறைந்தார். தியாகராஜரின் சன்னிதிக்கு எதிரிலேயே அவரது சமாதி அமைந்தது. அங்கே அவரது திருவுருவச்சிலை அந்த மகானை நோக்கியபடி அமர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று ஆண்களும் பெண்களும் ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுகின்றனர். ஒரு சீடை தன் குருபரம்பரைக்கு ஆற்றிய கடனின் பயனை அவ்வாறு அனைவரும் அனுபவிக்கின்றனர்.

நாம் பெற்ற கல்வியும் கலையும் நமக்கு முன் வாழ்ந்த எத்தனையோ பேரின் தவத்தால் விளைந்தவை. அவர்களுள் ஒருவருக்கேனும் நம்மால் இயன்ற ஒரு தொண்டைச் செய்வதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.