ஆய்வாளர் பார்க்காத ஏடு
அன்னை கொர்னேலியா கானலி (1809 – 1879)

பள்ளியில் இன்ஸ்பெக்ஷன் என்றதும் நம்மிடையே எத்தனை பரபரப்பு! நோட்டுகளுக்கு அட்டை போடுகிறோம். வகுப்பறையில் ஒட்டடை அடிக்கிறோம். விடுதிக் கட்டில்களின் விரிப்புகளைச் சுருக்கமின்றி இழுத்து விடுகிறோம். ஆய்வாளர் சென்ற மறுநாளே எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன! பள்ளி ஆய்வு என்ற முறை இங்கிலாந்தில் வேரூன்றிய காலத்தில், அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்திய ஓர் அன்னையை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம். ஆய்வைக் கண்டு அஞ்சாதவர் அவர். ஆய்வுக்காக மட்டும் பாடம் நடத்தவும் விரும்பாதவர்.

கொர்னேலியா 1809-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். 1831-இல் பியர்ஸ் கானலி என்னும் எப்பிஸ்கோப்பல் சபைப் போதகரை மணந்தார். 1835-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். கணவரும் அடுத்த ஆண்டு சேர்ந்தார். பின்னர் லூயிசியானா மாநிலத்தில் கிராண்ட் கோட்டோ என்னும் ஊரில் குடியேறினார்கள். திரு இருதய சபைக் கன்னியரின் பள்ளியில் கொர்னேலியா இசை கற்பித்தார்.

அங்கேதான் துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. 1839-இல் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களில் இறந்தது. 1840-இல், விளையாட்டாகப் பாய்ந்த நாய் ஒன்று தள்ளிவிட, இரண்டரை வயது மகன் ஜான் ஹென்றி கொதிக்கும் கரும்புச்சாற்றுக் கொப்பரையில் விழுந்தான். ஏறத்தாழ இரண்டு நாள் தாயின் மடியிலே துடித்து, பிப்ரவரி 2-ஆம் நாள் உயிர் நீத்தான். அவ்வாண்டிலேயே கணவர் தாம் குருவாக விரும்புவதாகக் கூறினார். கொர்னேலியா கண்ணீரோடு அதற்கு இசைந்தார். 1845-இல் உரோமையில் பியர்ஸ் குருப்பட்டம் பெற்றார்.

1846-இல் கொர்னேலியா இங்கிலாந்துக்கு வந்து டார்பி நகரில் குழந்தை இயேசு சபையைத் தொடங்கினார். ஏழைச் சிறுமியருக்குப் பகற்பள்ளி, ஆலைகளில் உழைக்கும் பெண்களுக்கு இரவு வகுப்பு, ஞாயிறு மறைக்கல்வி என்று பணி விரைவாக வளர்ந்தது. 1848-இன் இறுதியில் சபை கடற்கரை ஊராகிய செயின்ட் லெனார்ட்ஸுக்கு மாறியது. அங்கே விடுதிப் பள்ளியும் ஏழைகள் பள்ளியும் நடந்தன.

இவ்வேளையில் பியர்ஸ் மனம் மாறினார். குழந்தைகள் மூவரையும் தம் வசமாக்கிக்கொண்டார்; குருத்துவத்தையும் கத்தோலிக்க விசுவாசத்தையும் விட்டு விலகினார்; மனைவி தம்முடன் வந்து வாழவேண்டும் என்று 1849-இல் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு திருச்சபை வழக்குமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 1851-இல் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அக்காலச் சட்டம் குழந்தைகளைத் தந்தைக்கே உரியவர்களாகக் கருதியது. தம் மக்களைத் தாமே வளர்க்கும் பேறு இத்தாய்க்கு மீண்டும் கிட்டவில்லை. நாடெங்கும் இகழ்ச்சிப் பேச்சு எழுந்த அந்நாளிலும் பள்ளி மணி தவறாமல் ஒலித்தது.

அக்கால ஆய்வு முறையைச் சற்று அறிந்துகொள்வோம். 1847-இல்தான் இங்கிலாந்து அரசு கத்தோலிக்க ஏழைப் பள்ளிகளுக்கும் உதவித் தொகை தர முன்வந்தது. உதவி பெற்றால் ஆய்வு உண்டு. கத்தோலிக்கப் பள்ளிகளைப் பார்வையிட முதல் கத்தோலிக்க ஆய்வாளராக 1848-இல் மார்ஷல் என்பவர் நியமிக்கப்பட்டார். கட்டணத்தால் நடந்த விடுதிப் பள்ளிகளுக்கு இந்த ஆய்வு இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள் என்று அரசு கேட்கவில்லை; ஏழைப் பிள்ளைகளின் சிலேட்டுகளே சோதிக்கப்பட்டன!

அன்னை கொர்னேலியா இந்தச் சோதனையை விரும்பி ஏற்றார். ஏழைப் பள்ளிக்கு நல்ல ஆசிரியைகள் வேண்டும் என்பது அவர் எண்ணம். 1856-இல் செயின்ட் லெனார்ட்ஸில் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் திறந்தார். ஆய்வாளர்களின் அறிக்கைகள் அங்கு நடந்த பயிற்சியைப் பாராட்டின. ஆயினும் அக்கல்லூரி பத்தாண்டு நிறைவதற்கு முன்பே மூடப்பட்டது. நல்ல அறிக்கை மட்டும் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிவிடாது என்பதை அன்னை தம் அனுபவத்தில் கண்டார்.

1862-இல் அரசு புதிய விதி ஒன்றைக் கொண்டு வந்தது. தேர்வின் விளைவைப் பொறுத்தே பள்ளிக்குப் பணம்! ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒரு குழந்தையின் பொருட்டுப் பள்ளி ஆண்டுக்கு 12 ஷில்லிங் வரை பெறலாம். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் குழந்தை ஒன்றில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைக்கப்படும். பயன் என்ன? பல பள்ளிகளில் அந்த மூன்று பாடங்களே கல்வியாயின. சிறுவர் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தனர், பொருள் விளங்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டே, 1863-இல், அன்னை தம் சபைப் பள்ளிகளுக்கெனக் கல்வித் திட்ட நூல் ஒன்றை வெளியிட்டார். எண்ணும் எழுத்தும் அதில் உறுதியாக இடம் பெற்றன. அவற்றோடு அவர் நின்றுவிடவில்லை. ஓவியம், இசை, நாடகம், தையல், வரலாறு, நில இயல் ஆகியவையும் அவர் பள்ளிகளில் வளர்ந்தன. ஓவியத்தை அவர் பொழுதுபோக்காக எண்ணவில்லை; கண்ணையும் மனத்தையும் பழக்கும் பாடமாகவே மதித்தார். விடுதியிலும் மாணவியரை ஓயாமல் கண்காணிப்பதைவிட அவர்களை நம்புவதே மேல் என்று கருதினார். பிள்ளை பிழை செய்யட்டும், திருந்தட்டும். ஆனால் அஞ்சி நடிக்கக் கூடாது என்பதே அவர் வழி.

தனியார் பள்ளிகளையும் ஆராய ஓர் அரசுக் குழு பின்னர் அமைந்தது. 1868-இல் வெளிவந்த அதன் அறிக்கை, இங்கிலாந்தின் பெண்கள் பள்ளிகள் பலவற்றில் அடிப்படை அறிவு ஆழமின்றி இருப்பதையும், பகட்டுக் கலைகளுக்கே முதலிடம் தரப்படுவதையும் சுட்டிக்காட்டியது. பெண்ணுக்கு முழுமையான கல்வி வேண்டும் என்ற அன்னையின் எண்ணம் எத்துணை முன்னோக்கியது என்பது இதனால் விளங்கும்.

மேபீல்டு என்னும் ஊரில் இடிந்து கிடந்த பழைய பேராயர் மாளிகையையும் அன்னை புதுப்பித்தார். 1872-இல் அங்கே பள்ளி தொடங்கியது. 1879 ஏப்ரல் 18-ஆம் நாள் செயின்ட் லெனார்ட்ஸில் இறைவனடி சேர்ந்தார். 1992-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

அன்புத் தோழியரே, ஆய்வு வேண்டாத ஒன்றன்று. அன்னை கொர்னேலியாவும் அதை வரவேற்றார். இன்று இங்கிலாந்தின் தனியார் விடுதிப் பள்ளிகளும் ஆய்வுக்கு உட்பட்டவையே. பாடம் மட்டுமன்றி, பிள்ளைகளின் தங்கும் வசதியும் பாதுகாப்பும் பார்க்கப்படுகின்றன. முடிவுகளைப் பெற்றோரும் படிக்கலாம். அது நல்லதே. ஆனால் ஆய்வாளர் ஓரிரு நாள் தங்கி, திறந்து வைத்த ஏட்டைப் பார்த்துச் செல்கிறார். அவர் பார்க்காத ஏடு ஒன்று நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. யாரும் கேளாதபோது நாம் என்ன கற்கிறோம், யாரும் காணாதபோது எப்படி நடக்கிறோம் என்பதே அதில் எழுதப்படுகிறது. அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு நோட்டுகளுக்கு அட்டை போடும்போது, அந்த ஏட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போமா?