பிழை பொறாத கணிதர்

சென்ற தவணைப் பரீட்சைக்கென இலக்கண வினாத்தாள் ஒன்றைக் கணினியிற் கோத்து 120 பிரதிகள் அச்சிட்டோம். ஒரு பிரதியிலேனும் மை மங்கவில்லை. ஒரு வரியேனும் கோணவில்லை. ஆயினும், வல்லினம் மிகா இடங்களைக் கேட்டிருக்க வேண்டிய நான்காம் வினா, மிகும் இடங்களையே கேட்டு நின்றது. மூன்றாம் வினாவும் அதுவே. 120 பிரதிகளிலும் அப்பிழை வழுவாது பதிந்திருந்தது. எழுதிக் கொடுத்தவனும் யானே; ஒப்புநோக்கியவனும் யானே. பரீட்சை மண்டபத்தில் மாணவர் முன்னிலையில் அதனைத் திருத்தி வாசித்தபொழுது எனக்குண்டான நாணம் சிறிதன்று.

அன்று மாலை எங்கள் கல்லூரியின் கணித ஆசிரியர் என்னைத் தேற்ற வந்தார். வயதில் இளையவர், வாசிப்பில் முதியவர். கணினி என்னும் எண்ணம் முதலில் ஒருவர் உள்ளத்தில் முளைத்ததே அச்சுப் பிழைமீது அவர் கொண்ட சினத்தினால்தான் என்று அவர் சொன்னார். அச்சொல் என்னைப் பற்றிக்கொண்டது. அன்று தொடக்கம் அப்பெரியாரின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். அவரே சார்ள்ஸ் பாபேஜ் என்பவர்.

பெயர் குறித்து ஒரு வார்த்தை. எங்கள் நாட்டிற் பலர் கணனி என்று எழுதுவர். யான் கணினி என்றே எழுதுகிறேன். அவ்வழக்கு நிற்க. ஆங்கிலத்தில் இக்கருவியைக் குறிக்கும் சொல், முற்காலத்திற் கணக்கிடும் தொழிலாளியையே குறித்தது. எங்கள் பழந்தமிழிலும் கணி என்பது நாளும் கோளும் கணிக்கும் ஆளின் பெயரே. ஆள் செய்த தொழிலைப் பொறி ஏற்றபொழுது ஆளின் பெயரையும் உடன் எடுத்துக்கொண்டது.

பாபேஜ் 1791 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தை செல்வம் மிக்க வங்கியாளர். 1810 இற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் புகுந்த பாபேஜ், அங்கே கற்பிக்கப்பட்ட கணிதம் ஐரோப்பாக் கண்டத்துக் கணிதத்துக்குப் பின்தங்கியிருத்தலைக் கண்டு பொறாது, ஜோன் ஹெர்ஷல், ஜோர்ஜ் பீக்கொக் முதலிய நண்பரோடு கூடி 1812 இல் ஒரு சங்கமே அமைத்தார். பிழை கண்டவிடத்து வாளாவிருக்கும் இயல்பு அவருக்கு இளமையிலும் இல்லை, முதுமையிலும் இல்லை. 1814 இற் பட்டமும் திருமணமும் எய்தினார். 1816 இல் இங்கிலாந்தின் அரச சங்கத்து உறுப்பினரானார்.

அக்காலத்திற் கடலோடிக்கும் வானநூலாருக்கும் ஆயுட் காப்புறுதிக் கணக்கருக்கும் உயிர்போல விளங்கியவை வாய்பாட்டு நூல்கள். மடக்கை வாய்பாட்டைப் பள்ளிக்கூடத்திற் புரட்டிய தலைமுறையினர்க்கு அவை எத்தன்மையன என்பது தெரியும். பக்கம் பக்கமாக எண்கள், எண்களன்றிப் பிறிதொன்றில்லை. அவற்றை ஆட்கள் கணித்தனர், ஆட்கள் பெயர்த்தெழுதினர், ஆட்கள் அச்சுக் கோத்தனர். மூன்று வாயில்களாலும் பிழை புகுந்தது. ஏடு பெயர்த்தெழுதுவோரால் எங்கள் நூல்களுக்கு நேர்ந்த இடர்களை அறிந்தவர்க்கு இது புதிதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. செய்யுளிற் பிழை புகுந்தால் எதுகை காட்டிக்கொடுக்கும், தளை காட்டிக்கொடுக்கும். எண்ணுக்கு எதுகை இல்லை. 7 நிற்கவேண்டிய இடத்தில் 1 நின்றால், அஃது உரிமையாளன் போலவே நிற்கும். அதனை நம்பிய மாலுமி தன் கப்பல் நிற்கும் இடத்தைப் பிழைபடக் குறித்துக்கொள்வான்.

1821 இல் ஹெர்ஷலும் பாபேஜும் வானநூற் சங்கத்தின் பொருட்டு, இருவேறு கணக்கர் தனித்தனியே கணித்த எண்களை ஒப்புநோக்கிக்கொண்டிருந்தனர். இடந்தோறும் முரண்பாடு. சலிப்புற்ற பாபேஜ், இக்கணக்குகளை எல்லாம் நீராவி செய்யலாகாதா என்று வாய்விட்டு ஏங்கினார். நண்பர் அதனை இயலாததென்று தள்ளவில்லை. பிறர் பெருமூச்சோடு விட்டுவிடும் ஏக்கத்தைப் பாபேஜ் தம் வாழ்நாள் முழுவதற்கும் வேலையாக்கிக்கொண்டார்.

அவர் கைக்கொண்ட முறை எளிது. 41, 43, 47, 53, 61 என்னும் எண்களை நோக்குக. அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு 2, 4, 6, 8. அவ்வேறுபாடுகளின் வேறுபாடு என்றும் 2. ஆகவே பெருக்கலே அறியாத ஒருவனும், இரண்டைக் கூட்டிக் கூட்டி இவ்வரிசையை வேண்டுமளவும் நீட்டலாம். வாய்பாடுகளிற் பெரும்பாலானவற்றை இவ்வாறு வெறுங் கூட்டலாக ஒடுக்கிவிடலாம். கூட்டல் பற்சக்கரத்துக்கு இயலும். பத்து இலக்கம் பொறித்த சக்கரங்களை அடுக்கடுக்காக நிறுத்திக் கைப்பிடியைச் சுழற்றினால் விடை தானே வரும். அத்தோடு அவர் அமையவில்லை. வந்த விடையை அப்பொறியே அச்சுத் தகட்டிற் பதிக்கவும் வேண்டும் என்றார்; இடையில் மனிதக் கை புகலாகாது. இதனை வேறுபாட்டு எந்திரம் என்பர். வேற்றுமை எந்திரம் என மொழிபெயர்க்க எனக்கு ஆசைதான். எட்டு வேற்றுமைகளோடு மயங்கும் என்று விட்டேன்.

1822 இற் சிறியதொரு மாதிரியைச் செய்து காட்டினார். மேலே கூறிய எண்வரிசையே அதிற் கணிக்கப்பெற்றது. வானநூற் சங்கம் பொற்பதக்கம் அளித்தது. 1823 இல் அரசாங்கம் 1500 பவுண் கொடுத்து, முழு எந்திரத்தையும் செய்யுமாறு ஊக்கிற்று. ஜோசப் கிளெமென்ட் என்னும் கைதேர்ந்த வினைஞர் வேலையை ஏற்றார். வேண்டிய உறுப்புகள் ஏறத்தாழ 25,000. ஒன்றுபோல் ஒன்றை வார்த்தெடுக்கும் கருவிகளே அன்று அரியன; ஆதலின் உறுப்பைச் செய்யுமுன் உறுப்பைச் செய்யும் கருவியைச் செய்யவேண்டியிருந்தது. பிற்காலத்தில் திருகாணிகளுக்கு ஒரே அளவு வகுத்துப் புகழ்பெற்ற ஜோசப் விற்வேர்த் அப்பட்டறையில் வேலை செய்தவரே.

1827 அவருக்குத் தீய ஆண்டு. தந்தை இறந்தார், மனைவி ஜோர்ஜியானா இறந்தார், புதல்வர் இருவர் இறந்தனர். எல்லாம் ஓராண்டினுள். உடல்நலங் குன்றிய பாபேஜ் வேலையை நண்பரிடம் ஒப்புவித்துக் கண்டத்துத் தேசங்களில் அலைந்து திரிந்தார். அலைகையிலேயே கேம்பிரிட்ஜின் கணிதப் பேராசிரியராக, நியூற்றன் இருந்த ஆசனத்துக்கு, அவரைத் தேர்ந்தனர். 1828 முதல் 1839 வரை அப்பதவியை வகித்தும் அங்கே ஒரு விரிவுரையேனும் அவர் நிகழ்த்தவில்லை. ஆசிரியத் தொழிலோனாகிய எனக்கு இஃது உவப்பன்று, மறைப்பதும் முறையன்று.

1832 இல் எந்திரத்தின் ஏழிலொரு பங்கு முற்றுப்பெற்றது. ஏறத்தாழ 2000 உறுப்புகள் கொண்ட அப்பகுதி வழுவின்றி இயங்கிற்று. இன்றும் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் உள்ளது. அவர் இல்லத்துச் சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு வந்த விருந்தினர் அதனைக் கண்டு வியந்தனர். அவ்விருந்தினருள் டார்வினும் டிக்கன்சும் உண்டு. வியந்தவர் எல்லாரும் விளங்கிக்கொண்டவர் அல்லர். பிழையான எண்களை இட்டாலும் சரியான விடை வருமா என்று பாராளுமன்ற உறுப்பினர் சிலர் அவரைக் கேட்டனராம். அவ்வினாவைக் கேட்கத் தூண்டிய குழப்பம் எத்தகையதென்றே தமக்குப் புலனாகவில்லை எனப் பாபேஜ் பின்னர்த் தம் நூலில் எழுதினார். யான் அவ்விடத்தைப் படித்துச் சிரித்தேன். உடனே என் நான்காம் வினா நினைவுக்கு வரவே சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

கிளெமென்டுக்கும் அவருக்கும் கணக்கு வழக்கிற் பிணக்கு உண்டாயிற்று. 1833 இல் வேலை நின்றது. அந்நாட்டுத் தொழில் வழக்கப்படி, வேலைக்கெனச் செய்யப்பெற்ற கருவிகள் வினைஞனுக்கே உரியன. கிளெமென்ட் அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

இவ்விடத்திலேதான் பாபேஜின் பெருமையும் குற்றமும் பிரிக்கவொண்ணாது பிணைந்து நிற்கின்றன. கைவிடப்பட்ட எந்திரத்தை மீட்க வழி தேடவேண்டிய 1834 ஆம் ஆண்டில், அதனினும் பன்மடங்கு உயர்ந்த வேறோர் எந்திரம் அவர் உள்ளத்தில் எழுந்தது. பகுப்பாய்வு எந்திரம் என்பது அதன் பெயர். முன்னையது ஒரு தொழிலே செய்யும். இஃது ஏவிய தொழில் எதனையும் செய்யும். எண்களைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் ஒன்று. அவற்றை எடுத்துக் கணக்கிடும் ஆலை ஒன்று. ஏவலைத் தெரிவிப்பவை துளையிட்ட அட்டைகள். பிரான்சு தேசத்து ஜக்கார்ட் என்பவர் பட்டு நெய்யும் தறியில், எந்த இழை எழவேண்டும் என்பதைத் துளையட்டையாலே குறிப்பித்திருந்தார். அத்தறியில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றைப் பாபேஜ் தம் இல்லத்தில் வைத்திருந்தார். அதற்கு வேண்டப்பட்ட அட்டைகள் 24,000. பூ நெய்யும் உத்தி எண் நெய்யும் உத்தியாயிற்று. கணக்கின் இடையிற் கிடைத்த விடையை நோக்கி, இவ்வாறாயின் இவ்வழி, அன்றாயின் அவ்வழி எனத் திரும்பும் ஆற்றலும் அதற்கு வகுத்தார். இன்று எங்கள் மேசைமீதும் சட்டைப் பையினுள்ளும் இருக்கும் கணினியின் உறுப்பிலக்கணம் ஏறக்குறைய இதுவே.

அரசாங்கத்தார் என் செய்வர்? ஒன்றுக்குப் பணம் கொடுத்தனர், அது முடியவில்லை, அதனினும் சிறந்த ஒன்று உண்டென்று கொண்டவரே வந்து சொல்கிறார். 17,000 பவுணுக்கு மேற் செலவாகியிருந்தது. அந்நாளில், 1831 இல், ஸ்ரீவன்சன் பட்டறையார் செய்த புகையிரத எந்திரம் ஒன்றின் விலை 800 பவுணுக்கும் குறைவு. 1842 இற் பிரதம மந்திரி ரொபர்ட் பீல் காலத்தில் அரசாங்கம் முற்றாகக் கைவிட்டது. வரலாறெழுதுவோர் பலர் பீலைக் குறை கூறுவர். என்னால் இயலவில்லை. யானும் சிற்றிலக்கியமொன்றுக்கு உரையெழுதிப் பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன. இருமுறை அச்சகத்துக்குக் கொடுத்து இருமுறையும் மீட்டேன். கொடுத்த மறுநாளே முன்னதினும் நல்ல பாடம் ஒன்று தோன்றிவிடும். அச்சகத்தார் இப்பொழுது என்னைக் கண்டால் வேறு பக்கம் நோக்குகின்றனர். ஆதலாற் பீலின் முகம் எப்படியிருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். பாபேஜின் நெஞ்சம் எப்படியிருந்திருக்கும் என்பதும் தெரியும்.

புதிய எந்திரத்தின் பொருளை நன்குணர்ந்தவர் சிலரே. 1840 இல் இத்தாலியத் தூரின் நகரத்திற் பாபேஜ் அதனை விளக்கினார். அதனைக் கேட்ட மெனபிரேயா என்னும் பொறியியலாளர் 1842 இற் பிரெஞ்சில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கவிஞர் பைரனின் மகளாகிய ஏடா லவ்லேஸ் சீமாட்டி அதனை 1843 இல் ஆங்கிலப்படுத்தித் தம் குறிப்புகளையும் சேர்த்தார். குறிப்பு மூலத்தினும் மும்மடங்கு நீண்டது. உரையாசிரியர் மரபில் வந்த எமக்கு இது வியப்பன்று. நல்ல உரை மூலத்தை மீறியே வளரும். எண்ணை மட்டுமன்றி, விதிக்கு அடங்கும் குறி எதனையும், இசையையுங்கூட, அப்பொறி கையாளலாகும் என்று அவர் கண்டார். ஓர் எண்வரிசையைக் கணிக்க எந்திரத்துக்கு இடவேண்டிய ஏவல்களை முறைப்பட வகுத்தும் காட்டினார். 36 ஆம் வயதில், 1852 இல், அவர் காலமானார்.

1847 முதல் 1849 வரையிற் பாபேஜ் பழைய வேறுபாட்டு எந்திரத்தையே குறைந்த உறுப்புகளால் மீண்டும் வரைந்தார். அரசாங்கத்துக்கு இலவசமாகவே கொடுக்க முன்வந்தார், ஏற்பாரில்லை. சுவீடன் நாட்டு ஷொய்ட்ஸ் என்னும் தந்தையும் மகனும், அவர் முயற்சியைப் பற்றிய கட்டுரை ஒன்றால் ஊக்கம் பெற்று, 1853 இற் சிறியதொரு வேறுபாட்டு எந்திரத்தைச் செய்து முடித்தனர். எல்லாரோடும் பிணங்கும் பாபேஜ் இவர்களோடு பிணங்கவில்லை. மனமுவந்து பாராட்டித் துணைநின்றார். அவர் வரலாற்றில் யான் மிகவும் விரும்பும் இடம் இது.

இறுதிக் காலத்தில் அவர் போரிட்டது வீதி வாத்தியக்காரரோடு. தம் உழைக்கும் ஆற்றலில் நான்கிலொரு பங்கை அவர்கள் கவர்ந்தனர் என்று கணக்கிட்டு, சட்டம் வேண்டினார். 1864 இற் சட்டமும் வந்தது. அயலார் அவரை எள்ளி, வேண்டுமென்றே சாளரத்தின்கீழ் நின்று ஊதினர். 1871 ஐப்பசி 18 ஆந் திகதி இலண்டனில், தம் எந்திரங்களுள் ஒன்றேனும் முற்றுப்பெறக் காணாமலே கண்மூடினார்.

அவர் மகன் ஹென்றி பகுப்பாய்வு எந்திரத்தின் ஆலைப் பகுதியிற் சிறிதைச் செய்து காட்டினார். அதன்பின் நெடுங்காலம் வரைபடங்கள் உறங்கின. மின்னணுவாற் கணினி செய்தோர் பாபேஜின் நேர் மாணாக்கர் அல்லர். பெரும்பாலும் தாமே கண்டு செய்தனர். ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. 1946 இல் அமெரிக்காவில் உலகறியக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் பெருங்கணினி எதற்கென்று தொடங்கப்பெற்றது? பீரங்கிக் குண்டு செல்லும் வழியைக் கூறும் வாய்பாடுகளைக் கணிப்பதற்கே. மீண்டும் வாய்பாடு. இன்றோ வங்கியிற் பணம் எடுப்பதும், பிரயாணச் சீட்டுப் பெறுவதும், மாணவரின் புள்ளிகளைக் கூட்டுவதும் அதன் வேலையாயின. கணித வாய்பாட்டு நூலைக் கையிலெடுப்பார் அருகினர்.

பாபேஜ் பிறந்து இருநூறாண்டு நிறைந்த 1991 இல், இலண்டன் விஞ்ஞான நூதனசாலையார் அவர் 1849 இல் வரைந்து முடித்த எந்திரத்தின் கணிக்கும் பகுதியை, அவர் காலத்து வினைஞர்க்கு இயன்ற நுண்மைக்கு மேற்படாமற் செய்து நிறுத்தினர். ஏறத்தாழ 4000 உறுப்புகள். கைப்பிடியைச் சுழற்றினார்கள், 31 இலக்கம் வரை வழுவின்றிக் கணித்தது. அதற்குமுன் அவ்வரைபடங்களிலே சில பிழைகளைத் திருத்தவேண்டியிருந்ததாம். பிழையைத் துரத்தியவர் தாளிலும் பிழை! ஓர் உறுப்பு இடவல மாறாகவே வரையப்பெற்றிருந்தது. அதனைப் படித்த அன்றுதான் என் உரையின் கையெழுத்துப் படியை மூன்றாம் முறையாக அச்சகத்துக்குக் கொண்டுபோனேன்.

எஞ்சிய அச்சிடும் பகுதி 2002 இல் நிறைவெய்தியது. கணித்த எண்ணை அப்பொறி தானே தாளிற் பதிக்கிறது. தகடு வார்ப்பதற்குரிய சாந்திலும் தானே அழுத்துகிறது. அச்சுக்கோப்பவருக்கு அங்கே இடமில்லை, ஒப்புநோக்குபவருக்கும் இல்லை.