கொல்லர் மகன் கட்டிய கூண்டு

(இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு மாணவன்)



கம்ப்யூட்டர் ஓடும்போது பக்கத்தில் ஒரு ஏ.எம். ரேடியோவைப் போட்டுப் பாருங்க. 'கொர்ர்' என்று இரைச்சல் வரும். வீட்டில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. இந்த இரைச்சல் ஏன் வருகிறது, எப்படி அடக்குவது என்ற இரண்டுக்கும் வழி காட்டியவர், ரேடியோவைக் கண்ணால் பார்க்காமலே மறைந்தவர். அவர்தான் மைக்கேல் பாரடே.

பாரடே 1791 செப்டம்பர் 22-ல் லண்டன் பக்கம் நியூயிங்டனில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் படுத்துவிடுவார். வீட்டில் நாலு பிள்ளைகள். எழுதப் படிக்க, கொஞ்சம் கூட்டிக் கழிக்கத் தெரிந்ததோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 14 வயதில் ரிபோ என்பவரிடம் புக் பைண்டிங் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார். ஏழு வருஷம். அட்டை போட வந்த புத்தகங்களை விடாமல் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றி வந்த கட்டுரையை அப்படித்தான் படித்தார்.

1812-ல் கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் நாலு சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, படம் வரைந்து, சுமார் 300 பக்க நோட்டாகத் தானே பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கே ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. அதே வருஷம் டேவியோடு ஐரோப்பா போனபோது ஏவல் வேலையும் செய்ய வேண்டியிருந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகத்தான் நடத்தினார். மனசு நொந்தாலும் பாரடே விட்டுவிட்டு வரவில்லை. போன இடமெல்லாம் அறிஞர்கள் ஆய்வு செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

1831 ஆகஸ்ட் 29. ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையம். அதன் ஒரு பக்கம் ஒரு காயில், எதிர்ப்பக்கம் இன்னொரு காயில். முதல் காயிலில் பேட்டரியை இணைத்ததும், இரண்டாவது காயிலோடு சேர்ந்த காந்த ஊசி துள்ளியது. பிறகு அசையாமல் நின்றது. பேட்டரியைக் கழற்றியதும் மறுபடி துள்ளியது. கரண்ட் மாறும்போதுதான் பக்கத்து வயரில் கரண்ட் தூண்டப்படுகிறது!

நம்ம கம்ப்யூட்டர் செய்வதும் இதைத்தான். உள்ளே கரண்ட் நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை ஆன், ஆஃப் ஆகிறது. கேபிள்கள் ஆன்டெனா மாதிரி அதை வெளியே வீசுகின்றன. ரேடியோ அதைப் பிடித்துக்கொள்கிறது.

1836-ல் 12 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரத்தில் ஒரு கூண்டு கட்டினார். மரச்சட்டம், செம்புக் கம்பி, காகிதம், உலோகத் தகடு. மின் பொறியால் அதற்கு மின்னூட்டம் கொடுக்கச் சொல்லிவிட்டு, தானே உள்ளே போய் உட்கார்ந்தார். வெளியே தீப்பொறி பறந்தது. உள்ளே எலக்ட்ரோமீட்டர் எதையும் காட்டவில்லை.

வளையம், கூண்டு இரண்டும் இன்றும் நம் மேசையில் இருக்கின்றன. மானிட்டர் கேபிள் நுனியில் குண்டாக ஒரு கட்டி பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது ஃபெரைட் வளையம். கேபிளில் போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் சிக்னலுக்குத் தடையில்லை. வெளியே வீசப் பார்க்கும் கரண்டுக்கு மட்டும் தடை. கட்டி இல்லாத கேபிளை ஒரு ஃபெரைட் வளையத்தில் மூன்று தடவை நுழைத்து எடுத்தால் தடை சுமார் ஒன்பது மடங்காகும். கூண்டு என்பது சி.பி.யூ.வின் உலோகப் பெட்டி. காற்று வரட்டும் என்று பக்கத்து மூடியைக் கழற்றி வைப்பது நம்ம பழக்கம். அது கூண்டின் கதவைத் திறந்து விடுவது மாதிரி. மூடியைப் போட்டு எல்லா ஸ்குரூவையும் முடுக்குங்கள். உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். நடுவில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். சின்னச் சின்ன ஓட்டைகளைவிட நீளமான இடுக்குதான் மோசம். ரேடியோவையும் அதன் ஆன்டெனாவையும் கம்ப்யூட்டரிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள்.

கணக்கில் அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாரடேக்கு உயர் கணிதம் தெரியாது. காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் இருப்பதாக மனசில் படம் போட்டே யோசித்தார். அதைப் பல அறிஞர்கள் ஏற்கவில்லை. மேக்ஸ்வெல் வந்து 1865-ல் அவற்றைச் சமன்பாடுகளாக எழுதிய பிறகுதான் அலை என்ற உண்மை வெளிப்பட்டது. 1880-களின் கடைசியில் ஹெர்ட்ஸ் அந்த அலையைச் செய்தே காட்டினார். ரேடியோ பிறந்தது. பாரடேயோ 1867 ஆகஸ்ட் 25-லேயே காலமாகிவிட்டார்.

சர் பட்டம் வேண்டாம் என்றவர், ராயல் சொசைட்டித் தலைவர் பதவியை இரண்டு முறை மறுத்தவர், சிறுவர்களுக்காக ஆண்டுதோறும் நடந்த கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை மட்டும் 19 தடவை நடத்தினார். டிக்கெட் கிடைத்து உள்ளே வந்த பையன் அல்லவா!

என் அப்பா வெல்டிங் பட்டறைத் தொழிலாளி. எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான். பாரடேக்கே கணக்கு வரல என்று சொல்லி நாம் தப்பிக்கக் கூடாது. அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. நமக்கு வகுப்பு இருக்கு, லேப் இருக்கு, திரும்ப எழுதப் பரீட்சையும் இருக்கு. கொல்லர் மகன் பாதி வழி நடந்து காட்டிவிட்டார். மீதி வழிக்குக் கணக்கு வேணும். படிப்போம் நண்பர்களே!